கேரமல் சாஸ் பாட்டில்: ஐஸ்கிரீமுக்குச் சரி, பிஸ்கட் நடுவில் வேண்டாம்

பேக்கிங் சாமான் விற்கிற கடைகளில் இப்போது அழகான பாட்டிலில் கேரமல் சாஸ் வருகிறது இல்லையா, அதை இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்து ஒட்டலாம் என்று நினைத்து கையில் எடுப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாங்காதீர்கள். ருசி மோசமில்லை, வாசனையும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வேலைக்கு அது ஆகாது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சாஸ் என்று பெயர் போட்டு வருகிற எல்லாவற்றுக்கும் இருக்கிற குணம்தான் இது, ஒருவரை மட்டும் பிடித்து வைத்து அடிப்பதில் அர்த்தமில்லை.

கடையில் கேட்டுத்தான் வாங்கினேன். "அண்ணா, இது பிஸ்கட் நடுவுல வெச்சா நிக்குமா?" என்றால், "கேக்குக்கே வாங்கிட்டுப் போறாங்கக்கா, பிஸ்கட்டுக்கு நிக்காதா?" என்று பதில் வந்தது. ஐநூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மிச்சம் பெரிதாக ஒன்றும் திரும்பி வரவில்லை.

நான் செய்ய நினைத்தது அல்ஃபஹோர். அர்ஜென்டினா, உருகுவே பக்கம் தெருவுக்குத் தெரு விற்கிற பிஸ்கட். கார்ன்ஃப்ளார் அதிகம் போட்டுச் சுட்ட, வாயில் வைத்தால் உதிர்கிற இரண்டு வட்டங்கள், நடுவில் பாலைச் சுண்டக் காய்ச்சிய கேரமல், ஓரத்தில் தேங்காய்த் துருவல். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்கறித் துருவலும் வைக்கிற தட்டுவடை செட்டை அப்படியே இனிப்பாக நினைத்துக்கொண்டால் போதும். ஒரே வித்தியாசம், தட்டுவடை செட்டைக் கையில் வாங்கியவுடன் வாயில் போட்டுவிட வேண்டும், கொஞ்சம் பேசிக்கொண்டு நின்றாலும் நமுத்துவிடும். அல்ஃபஹோரை ஒட்டிய அன்றைக்கே சாப்பிட்டால் வறவறவென்று இருக்கும், ஒரு ராத்திரி டப்பாவில் மூடி வைத்தால்தான் கேரமலின் ஈரம் கொஞ்சம் பிஸ்கட்டுக்குள் இறங்கி மெத்தென்று ஆகும். இந்தக் "கொஞ்சம்" என்பதில்தான் பாட்டில் சாஸ் தோற்றுப்போகிறது.

ஆறின பிஸ்கட்டில் ஒரு டீஸ்பூன் சாஸ் விட்டு, மேலே இன்னொன்றை வைத்து லேசாக அழுத்தினேன். கையை எடுத்ததும் மேல் பிஸ்கட் ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. அவசரமில்லாமல், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்கிறது, நேராக்கி வைத்தால் மறுபக்கம் போகிறது. ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்து, அது சொட்டாகத் திரண்டு தட்டில் இறங்குகிறது. "ஃப்ரிட்ஜ்ல வெச்சா நின்னுடும்மா" என்றாள் என் பெண். நின்றது, சேலத்து ஏப்ரல் மாதத்தில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே எடுத்து வைத்த பத்து நிமிஷம் வரைக்கும். மறுநாள் டப்பாவைத் திறந்தால் அடியில் இருந்த பிஸ்கட் எல்லாம் சாஸைக் குடித்து ஊறிப்போய், எடுத்தால் பாதி கையிலும் பாதி பட்டர் பேப்பரிலுமாக வருகிறது. எறும்பு வேறு.

இது ஏன் இப்படி ஆகிறது என்பது பாட்டிலின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எது அதிகமோ அதை முதலில் போட்டு, அந்த வரிசையில்தான் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது இங்கே சட்டம். என் பாட்டிலில் முதலில் சர்க்கரை, அடுத்தது தண்ணீர், அப்புறம் குளுக்கோஸ் சிரப், அதற்கும் கீழேதான் பால் சமாச்சாரம், கெட்டியாகத் தெரிவதற்கு ஸ்டார்ச். சாஸ் என்றால் ஊற்ற வர வேண்டும், ஊற்ற வர வேண்டும் என்றால் தண்ணீர் இருந்தாக வேண்டும். ஐஸ்கிரீம் மேல் விடுவதற்கு அது சரி. பிஸ்கட் நடுவில் வைத்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? காய்ந்த மாவு பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குள்தான் போகும். அர்ஜென்டினாவில் இந்தப் பால் கேரமலுக்கு டுல்சே தே லெச்சே என்று பெயர், அதில் ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அங்கே விதியே வைத்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை, ரொட்டியில் தடவ ஒரு ரகம், பலகாரத்துக்கு நடுவில் வைக்க 'ரெபோஸ்தெரோ' என்று அதைவிடக் கெட்டியாக இன்னொரு ரகம் என்று தனித்தனியாக விற்கிறார்கள். பிறந்ததிலிருந்து இதைச் சாப்பிடுகிறவர்களே தடவுகிறதை நடுவில் வைப்பதில்லை, நாம் ஊற்றுகிறதைக் கொண்டுபோய் நடுவில் வைத்தால் எப்படி நிற்கும்?

சரி, அப்போது என்னதான் வைப்பது? கண்டென்ஸ்டு மில்க் டின், குக்கர், இரண்டும் போதும். இந்தியத் தரக்கணக்குப்படி முழுப்பாலில் செய்த இனிப்பு கண்டென்ஸ்டு மில்க்கில் பால் கொழுப்பு 9 சதவீதமாவது, அந்தக் கொழுப்பையும் சேர்த்துப் பாலின் மொத்தத் திடப்பொருள் 31 சதவீதமாவது, சர்க்கரை 40 சதவீதமாவது இருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், மிச்சம் தண்ணீர் 30 சதவீதத்துக்கும் கீழே. அதாவது சுண்டக் காய்ச்சுகிற வேலையை டின்காரர்களே முடித்துக் கொடுத்துவிட்டார்கள், நமக்கு மிச்சம் இருப்பது நிறம் வரவைப்பது மட்டும்தான். அதனால்தான் மூடி வைத்து வேகவைத்தாலே போதுமானதாக இருக்கிறது. வாங்கும்போது டின்னைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள், கொழுப்பு பாதி எடுத்த பாலில் செய்ததும் அதே அலமாரியில் இருக்கும். அதுவும் வேலைக்கு ஆகும், ஆனால் முழுப்பால் ரகத்தின் வழவழப்பு அதில் கிடையாது.

யூடியூபில் டின்னை அப்படியே மூடியோடு குக்கருக்குள் இறக்குகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் வற்றினால் டின் வெடிக்கும், சூடாக இருக்கும்போதே திறந்தாலும் உள்ளே இருப்பது பீறிட்டு முகத்தில் அடிக்கும். டின்னை உடைத்து ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஊற்றி, மேலே ஃபாயில் பேப்பரை இறுக்கி மூடி, டப்பாவுக்குள் பால் எவ்வளவு உயரம் இருக்கிறதோ அந்த அளவுக்கு வெளியே குக்கரில் தண்ணீர் விட்டு வைத்தால் போதும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து 40 நிமிஷம், அப்புறம் பிரஷர் தானாக அடங்கட்டும். திறக்கும்போது மேலே கொஞ்சம் கட்டி கட்டியாக, திரிந்த மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம். ஆறியதும் ஒரு சிட்டிகை உப்பு போட்டு விஸ்க்கால் நன்றாக அடித்தால் பளபளவென்று ஒன்றாகிவிடும். ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் வைத்து, தட்டைச் சாய்த்தால் அது நகரக் கூடாது, அதுதான் பதம். நகர்ந்தால் அடிகனமான பாத்திரத்தில் ஐந்து நிமிஷம் கிளறி இறக்குங்கள்.

இந்த நிறம் சர்க்கரை கருகுவதால் வருவதில்லை. வெறும் சர்க்கரை கேரமலாக மாற 160 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், குக்கருக்குள் 120 டிகிரிவாக்கில்தான் இருக்கும். இங்கே நடப்பது பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவது, மெயிலார்ட் வினை என்பார்கள். பாட்டில் சாஸில் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி பட்டதற்குக் காரணமும் இதுதான். அதில் கேரமல் வாசனை இருக்கிறது, பால் காய்ந்த வாசனை இல்லை.

பாலில் தொடங்கிச் செய்தும் பார்த்தேன். ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதில்தான் 6 சதவீதம் கொழுப்பு. ஒரு லிட்டருக்கு கால் கிலோ சர்க்கரை, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா. சோடா எதற்கு என்றால் பால் சுண்டச் சுண்ட அதில் புளிப்பு ஏறித் திரியப் பார்க்கும், சோடா அதை அடக்கும், நிறமும் சீக்கிரம் வரும். போட்டவுடன் பொங்கும் என்பதால் பாலைப் போல மூன்று மடங்கு பிடிக்கிற பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் பெரிய வேலை இல்லை, அவ்வப்போது வந்து கிளறினால் போதும், கடைசி இருபது நிமிஷம்தான் அடுப்பை விட்டு நகர முடியாது. கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி கண்ணில் பட்டு, ஓரிரு விநாடி கழித்துத்தான் கோடு மூட வேண்டும். திரட்டுப்பால் கிண்டத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம், அதில் மணல் மணலாக வருவதற்கு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் வேறுபாடு. என் மாமியார் கரண்டியை வாங்கிக் கிளறி, ஏலக்காய் போடலையா என்று கேட்டார், போட வேண்டாம் அத்தை என்றேன், அப்படியும் அவர் பங்குக்கு ஒரு கிண்ணத்தில் தனியாகப் போட்டுக்கொண்டார். ருசி என்று பார்த்தால் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. ஆனால் வாரக்கடைசியில் குழந்தைகளோடு பிஸ்கட் சுட உட்காருகிறவர்களுக்கு நான் குக்கர் வழியைத்தான் சொல்வேன். ருசியில் இருக்கிற வித்தியாசம் அந்த இரண்டு மணி நேரத்துக்கும் கேஸுக்கும் ஈடில்லை.

சர்க்கரையைக் கருக்கி, பட்டரும் க்ரீமும் ஊற்றிச் செய்கிற கேரமலும் உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் 35 சதவீதக் கொழுப்பு க்ரீம் கேட்பார்கள், நம் மளிகைக் கடையில் கிடைக்கிற டப்பா க்ரீம் பெரும்பாலும் 25 சதவீதம், அதைப் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் காய்ச்ச வேண்டியிருக்கும். சூடான பாகில் க்ரீம் ஊற்றும்போது கொதித்து மேலே தெறிக்கும், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

பிஸ்கட்டுக்கு வருகிறேன், காசைச் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். 100 கிராம் உப்பில்லாத பட்டர், 75 கிராம் பொடித்த சர்க்கரை, 2 முட்டை மஞ்சள் கரு, 150 கிராம் கார்ன்ஃப்ளார், 100 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், வெனிலா, ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் துருவியது. ஆவினில் சமையல் பட்டர் என்று உப்பில்லாமல் தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். மார்ஜரினில் சுட்டால் பிஸ்கட் நன்றாகத்தான் உதிரும், ஆனால் மேல் அண்ணத்தில் ஒரு மெழுகு ஒட்டிக்கொண்டே இருக்கும். நான் வாங்கிய சாஸ் பாட்டிலின் விலையில் ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க்கும் நல்ல பட்டரும் வாங்கியிருக்கலாம், சொல்லப்போனால் இந்த விமர்சனமே அவ்வளவுதான்.

கார்ன்ஃப்ளாருக்குப் பதில் மரவள்ளி மாவு போட்டால் என்ன என்று சேலத்தில் இருந்துகொண்டு கேட்காமல் இருக்க முடியுமா? ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் சேகோசர்வ் என்று 1981-லேயே கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய ஊர் இது, ஆத்தூர் ரோட்டில் போனால் மில் முற்றத்தில் வெள்ளையாகக் காயப்போட்டிருப்பார்கள். மரவள்ளியே தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்குதான், பிரேசிலில் அந்த மாவில் பிஸ்கட் சுடுகிறார்கள், அதனால் அந்தப் பக்கத்துப் பலகாரத்துக்கு அது ஒன்றும் அந்நியம் இல்லை. பாதி கார்ன்ஃப்ளார், பாதி மரவள்ளி மாவு போட்டது எனக்குப் பிடித்தது, கடிக்கும்போது மொறுமொறுப்பு கொஞ்சம் கூடுகிறது. முழுக்க மரவள்ளி மாவில் சுட்டது கடிக்கக் கெட்டியாக, வாயில் கரையாமல் நின்றது, அதை ஒட்டி வைக்கவில்லை, வெறுமனே டீயோடு தீர்ந்துபோனது. முழு கார்ன்ஃப்ளாரில்தான் அல்ஃபஹோருக்கு உரிய அந்த உதிர்வு முழுசாக வருகிறது. கார்ன்ஃப்ளார் வெள்ளை வெளேரென்று, தொட்டால் விரலில் கிறீச்சிடும், மஞ்சளாக இருக்கிற மக்காச்சோள மாவை வாங்கிவிடாதீர்கள்.

பட்டரையும் சர்க்கரையையும் குழைத்து, கரு சேர்த்து, மாவைப் போட்டால் சப்பாத்தி மாவு மாதிரி பிசையக் கூடாது, சேர்த்து அமுக்கினால் போதும். வெயில் நாளில் பட்டர் இளகி மாவு கையில் ஒட்டும், அதனால் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஏதாவது மூடியால் வெட்டினால் 16 முதல் 18 ஜோடி வரை வரும். ஓடிஜியில் (மேஜை மேல் வைக்கிற மின்சார அவன்) 165 டிகிரி, 10 முதல் 12 நிமிஷம். மேல்பக்கம் வெளுப்பாகவே இருக்க வேண்டும், திருப்பினால் அடியில் மட்டும் லேசாகப் பொன்னிறம். சிவக்கட்டும் என்று விட்டால் சாதாரண பட்டர் பிஸ்கட் ஆகிவிடும். ஓடிஜி இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடிச் சுடலாம், அதில் மேல்பக்கம் சிவக்காது என்று மற்ற பிஸ்கட்டுக்குக் குறை சொல்வோம் இல்லையா, இதற்கு அதுவே வசதி. சுட்டவுடன் தொட்டால் உடையும், ஆற விடுங்கள். ஒட்டிய பிறகு ஓரத்தைத் தேங்காயில் உருட்ட வேண்டும், ஈரத் தேங்காய்த் துருவல் வேண்டாம், நம் வெயிலுக்கு ஒரே நாளில் சிக்கு வாடை வந்துவிடும், கொப்பரைத் துருவலைக் கொஞ்சம் சூடு காட்டிப் போடுங்கள்.

ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கு ஒரு டப்பா கொண்டுபோனதில் வேறு ஒன்று தெரிந்தது. கீழே சேலத்தில் இரண்டு நாள் சரியான பதத்தில் இருந்த அதே பிஸ்கட், மேலே மஞ்சு இறங்குகிற நாளில் சாயங்காலத்துக்குள்ளேயே கேக் மாதிரி ஆகிவிட்டது, கேரமல் ஒன்றும் செய்யவில்லை, காற்றில் இருக்கிற ஈரமே போதுமானதாக இருக்கிறது. மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் பிஸ்கட்டைத் தனியாகவும் கேரமலைத் தனியாகவும் எடுத்துப் போய், அங்கே வைத்து ஒட்டுவதுதான் நல்லது. 20 கொண்டை ஊசி வளைவும் திரும்பி ஏறுகிற வண்டியில் ஒட்டிய பிஸ்கட் எப்படிப் போய்ச் சேரும் என்பது வேறு விஷயம். மேலேயே காய்ச்சுகிறவர்களுக்கு இன்னொன்று: ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சர்க்கரைப் பாகுக்குத் தெர்மாமீட்டர் வைக்கிறவர்கள் கீழே 116 என்று பழகியிருந்தால் அங்கே 111-லேயே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பதம் தாண்டிக் கெட்டியாகிவிடும். பாலைத் திறந்து வைத்துக் காய்ச்சினால் நிறம் வர நேரம் கூடும். குக்கருக்கு ஐந்து நிமிஷம் சேர்த்து வைத்தால் சரியாக இருக்கும்.

மிச்சம் இருந்த பாட்டிலை அக்கா எடுத்துக்கொண்டாள், ஏற்காட்டுக் காபித்தூளில் டிகாஷன் போட்டு, ஆறிய பாலில் அந்த சாஸை இரண்டு ஸ்பூன் விட்டுக் கோல்ட் காபியாகக் கொடுத்தாள், அருமையாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் அதற்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன். பிஸ்கட் நடுவில் இரண்டு, அதுவும் வாசனைக்காக.

முட்டை சேர்க்காத வீட்டுக்கு: இரண்டு கருவுக்குப் பதில் இரண்டு டேபிள்ஸ்பூன் குளிர்ந்த பாலும் இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன் பட்டரும் போதும். பாலை மொத்தமாக ஊற்றிவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மாவு உதிரியாக இருந்து பிடித்தால் சேர்கிற அளவில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு ஸ்பூன் போனாலும் சுடும்போது பரந்துவிடும், ஜோடி சேராது.